தோன்றா எழுவாய்

இலுப்பங்குளாயில் ஓர் ஆள் செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு நினைவுப் புத்தகம் வெளியிடுவார்கள். முட்டை வடிவத்தில் படம், இரு பக்கமும் குத்துவிளக்கு, வாழ்க்கை வரலாறு, தேவாரம், நன்றி நவிலல். கட்டடம் சாவதென்றால் மலர் வெளியிடுவார்கள். குத்துவிளக்கு அதேதான், தேவாரம் இருந்த இடத்தில் ஆசிச்செய்தி இருக்கும். கல்வெட்டில் வருகிற எவரும் தம் வாழ்நாளில் ஒருவருக்கும் தீங்கு நினைத்ததில்லை. மலரில் வருகிற கட்டடங்களும் அப்படியே.

சைவ உயர்தர வித்தியாலயத்தின் பழைய கட்டடத்தை வைகாசியில் இடிப்பதென்று முடிவாயிற்று. இடிக்க முதல் மலர் வரவேண்டும் என்றும் முடிவாயிற்று. இரண்டாவது முடிவுக்குத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. மலர்க்குழுவுக்குத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை. பழைய மாணவர் சங்கத்துக்கும் அவரே தலைவர். கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவர். இருபத்தெட்டு வருடம் தன் மேசைக்கு வந்த கடதாசிக் கோவைகளை நாடாப் போட்டுக் கட்டி, ஒன்றையும் வெளியே போகவிடாமல் காத்தவர். செயலாளர் அதிபர் வாகீசன். இன்னும் ஒன்பது பேர் உறுப்பினர். வேலை செய்யவும் ஓர் ஆள் வேண்டியிருந்தபடியால், தமிழ் படிப்பிக்கிற தர்சிகாவை மலராசிரியர் ஆக்கினார்கள்.

"எழுத்துப்பிழை வரக்கூடாது பிள்ளை. அவ்வளவுதான் உம்மடை வேலை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "விசயமெல்லாம் ஏற்கெனவே இருக்கு."

இருந்தது உண்மைதான். 1957இல் வந்த வெள்ளிவிழா மலரில் ஒரு வரலாறு இருந்தது. 1982இல் வந்த பொன்விழா மலர் அதை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருந்தது. வைரவிழாவுக்கு மலர் வரவில்லை. அந்த வருடம் கடதாசி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் ஒன்றும் வரவில்லை. வரலாற்றின் முக்கியமான பந்தி இதுதான்:

'1931ஆம் ஆண்டு எதிர்பாராத விதமாக ஏற்பட்ட தீயினால், ஓலைக் கொட்டிலாக இருந்த பாடசாலை எரிந்தது. மனந்தளராத மனேச்சர் பொன்னம்பலத்தார் ஒரே வருடத்தில் அவ்விடத்திலேயே இக்கற்கட்டடத்தை எழுப்பினார்.'

மனேச்சர் என்றால் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி. அவருடைய பேரன் கனடாவில் இருக்கிறார். இடிக்கப்போகிற இடத்தில் மூன்று மாடி எழும்பப்போவது அவருடைய உபயம். மாடிக்குப் பெயர் 'பொன்னம்பலத்தார் மாடி'. ஆகவே வரலாற்றில் அந்தப் பந்தி மட்டும் தடித்த எழுத்தில் வரவேண்டும் என்று குழு ஏற்கெனவே தீர்மானித்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கு நடந்தவற்றை வரலாறு 'நாட்டின் அசாதாரண சூழ்நிலை' என்ற மூன்று சொல்லில் முடித்துக்கொள்ள இருந்தது. எண்பத்தேழில் ஒரு ஷெல் தெற்குப் பக்கச் சுவரைக் கொண்டுபோனது. தொண்ணூறில் நூற்றுப் பதினான்கு குடும்பங்கள் வகுப்பறைகளில் சேலை கட்டி மறைத்து இருந்தன. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அப்போதைய அதிபர் மணியையும் வெள்ளிக் கிண்ணங்களையும் விட்டுவிட்டு, சம்பவத் திரட்டுப் புத்தகத்தை மட்டும் உரப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து பார்த்தபோது கதிரை, மேசை, கதவு, நிலை எல்லாம் விறகாகிப் போயிருந்தன. சுவர்களில் ஊராருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் பெயர்களும் கெட்ட வார்த்தைகளும் இருந்தன. கெட்ட வார்த்தைகள் என்பது படங்களைப் பார்த்து ஊகித்தது.

அந்தச் சம்பவத் திரட்டுதான் இப்போது தர்சிகாவின் மேசைக்கு வந்தது. "திகதிகளை மட்டும் ஒருக்காப் பாத்துவிடுங்கோ ரீச்சர்," என்று வாகீசன் தந்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் அன்றன்று நடந்ததைத் தலைமை ஆசிரியர் தன் கையால் எழுதிவைக்கிற தடித்த புத்தகம். ஓரங்களைச் செல்லரித்திருந்தது. உரப்பை வாசம் முப்பது வருடத்துக்குப் பிறகும் போகவில்லை.

ஓய்வு பாடவேளையில் அவள் 1931ஐத் திறந்தாள். பண்டிதர் வைரவநாதரின் கையெழுத்து, வரிசையாக நட்ட வெங்காயம் போல நிமிர்ந்து நின்றது.

'15.9.1931. அரசாங்கச் சுற்றுநிருபத்தின்படி இரு பிள்ளைகள் இன்று முதல் வாங்கில் இருத்தப்பட்டனர். க. சின்னவன். வ. முத்தன்.'

'16.9.1931. நேற்றிரவு பள்ளிக்கூடம் எரித்தது.'

'17.9.1931. பள்ளிக்கூடம் இல்லை.'

தர்சிகா இரண்டாவது வரியை மூன்று தரம் வாசித்தாள். 'எரிந்தது' என்று இல்லை. 'எரித்தது' என்று இருந்தது. பிறகு முதலாவது வரிக்குப் போனாள். க. சின்னவன் அவளுடைய தாயின் தகப்பன்.

இலுப்பங்குளாயில் சாதி கிடையாது. கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவரும் ஒருவரிடமும் சாதி கேட்பதில்லை, "பிள்ளை எவடம்?" என்றுதான் கேட்பார்கள். தர்சிகா "கோயிலுக்குத் தெற்கை" என்று சொன்னால், கேட்டவர் "ஓ, நல்லது" என்பார். பிறகு வெய்யிலைப் பற்றிக் கதைப்பார்.

சின்னவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் அரைச்சுவருக்கு வெளியே மணலில் இருந்து பாடம் கேட்டவர். ஒரே ஒரு நாள் வாங்கில் இருந்தவர். அது பற்றி அவர் வீட்டில் சொன்னது ஒரே ஒரு விஷயம்: வாங்கு வழுக்கியது. மற்றப் பிள்ளைகள் இருந்திருந்து மினுங்கிப் போன பலகையில், மணலுக்குப் பழகியவருக்கு ஊன்றி இருக்கத் தெரியவில்லை. அன்றிரவு பள்ளிக்கூடம் போயிற்று. கல்லால் கட்டிய புதுப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கென்று பின்பக்கம் தனிக் கொட்டில் போட்டார்கள். அவர் போகவில்லை.

தர்சிகாவின் தாய் அருமைநாயகி வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை பாதி அவர் கையால்தான் போகிறது. அன்று பின்னேரம் மகள் வந்து நின்றபோதும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அம்மப்பான்ரை பேர் புத்தகத்திலை இருக்கு."

"எந்தப் புத்தகத்திலை? பொலிசின்ரையிலையோ?"

"பள்ளிக்கூடத்தின்ரை. அதுக்கு அடுத்த நாள், பள்ளிக்கூடம் எரித்தது எண்டு கிடக்கு. எரிந்தது எண்டில்லை."

மிஷின் நின்றது. "எரிஞ்சதெண்டால் என்ன, எரிச்சதெண்டால் என்ன? சாம்பல் ஒண்டுதானே."

"ஒண்டில்லையம்மா."

"ஒண்டில்லையெண்டு எனக்குத் தெரியாதே? உனக்கு மாற்றம் கிடைச்சு எத்தினை மாதம்?"

"நாலு."

"அப்ப பேசாமல் இரு."

ஐந்து வருடம் முல்லைத்தீவுப் பக்கம் கிடந்து, தையில்தான் தர்சிகா ஊருக்கு மாற்றம் எடுத்து வந்திருந்தாள். அருமைநாயகியின் முழங்கால்கள் அந்த ஐந்து வருடத்தில் பழுதாகிப் போயிருந்தன. மிஷினின் பெடலுக்கு மட்டும் மசிந்தன, கிணற்றடிக்கு மசியவில்லை. வீட்டில் வேறு ஆளில்லை. இதெல்லாம் தர்சிகாவுக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்கு அந்த ஓர் எழுத்து வேண்டியிருந்தது. பெயர் வேண்டாம், பந்தி வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். மூன்றாவது தரமும் 'எரிந்தது' என்று அச்சடித்துக் கட்டடத்தையும் இடித்துவிட்டால், அதற்குப் பிறகு அது தானாகவே எரிந்ததாகிவிடும். ஒரு நாள் வாங்கில் இருந்த மனுசனுக்கு ஓர் எழுத்தாவது மிஞ்ச வேண்டும்.

மலர்க்குழு ஞாயிறு காலை பழைய மண்டபத்தில் கூடியது. மேலே நாலு காற்றாடிகள். ஒவ்வொரு இதழிலும் உபயகாரரின் பெயர் எழுதியிருந்தபடியால், பெயர் வாசிக்கத் தோதாக மெல்லவே சுற்றின. வடையும் லட்டும் வந்தன. லட்டுத் தட்டு ஆழ்வாப்பிள்ளை பக்கமாக நின்றது.

தர்சிகா எழும்பி, சம்பவத் திரட்டின் மூன்று வரிகளையும் வாசித்தாள்.  வாசித்து முடிய சுவரில் பல்லி சொன்னது. வழமையாகப் பல்லி சொன்னால் எல்லோரும் மேசையில் விரலால் தட்டுவார்கள். அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை.

"எழுத்துப்பிழை," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"சேர், எழுதினது பண்டிதர்."

அது கொஞ்சம் சிக்கலான விஷயம். பண்டிதர் வைரவநாதருக்குப் பள்ளிக்கூடப் படலை வாசலில் சிலை இருக்கிறது. ஷெல்லில் இடது காது போனாலும் இன்றைக்கும் கண்ணாடியோடு நிற்கிறார். கோயிலில் ஓதுவார் தேவாரத்தைப் பதம் பிரித்த விதம் பிழையென்று, பூசையை நிற்பாட்டித் திருத்தியவர். வருடாவருடம் இலக்கணத்துக்குக் கொடுக்கிற பரிசு அவர் பெயரில்தான்.

"பண்டிதரும் மனுசன்தானே பிள்ளை. பள்ளிக்கூடம் போன துக்கத்திலை கை பிசகியிருக்கும்."

"கை பிசகினால் எழுத்துக் கோணும் சேர். இது நேராய்த்தான் கிடக்கு."

"ஆக்கள் எரிச்சிருந்தால் எரித்தார்கள் எண்டெல்லோ எழுதியிருப்பார்? எரித்தது எண்டால் அது அஃறிணையெல்லே?"

தர்சிகாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் நிற்பது போல இருந்தது. "எரித்த காரியத்தைச் சொல்லுறார் சேர். பள்ளிக்கூடத்தை எரித்தது. 'ஐ' உருபு மறைஞ்சு நிக்குது. எழுவாய் தோன்றா எழுவாய்."

"அப்பிடியெண்டால்?"

"எரிச்ச ஆள் இருக்கு. வசனத்திலை தெரியேல்லை."

உறுப்பினர் ஒருவர் தன் தேநீரைக் கலக்கத் தொடங்கினார். சீனி ஏற்கெனவே கரைந்திருந்தது. இன்னொருவர், தொண்ணூற்று மூன்று வருடத்துக் கதையைக் கிண்டி இப்ப என்ன காணப்போகிறோம் என்று கேட்டார். அவர் போன கிழமைதான், நானூறு வருடத்துக்கு முதல் பறங்கியர் இடித்த கோயிலைப் பற்றி மலருக்கு எட்டுப் பக்கக் கட்டுரை தந்திருந்தார்.

பண்டிதர் பிழை விட்டார் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அடுத்த தீர்மானமாக, பண்டிதர் ஞாபகார்த்த இலக்கணப் பரிசு இவ்வருடம் முதல் தங்கமுலாம் பூசிய பதக்கமாக இருக்கும் என்பதும் நிறைவேறியது.

வாகீசன் கூட்டம் முழுக்கக் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே சைக்கிள் கொட்டிலடியில் அவளைப் பிடித்தார்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுறதுதான் சரி. எனக்குத் தெரியும்."

"அப்ப உள்ளுக்கை சொல்லியிருக்கலாமே சேர்?"

"சரியெண்டு எனக்குத் தெரிஞ்சது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது," என்றார் அதிபர். உண்மையாகவே கவலைப்பட்ட முகம். "விடுங்கோ. ஊருக்கு வந்து இப்பதானே நாலு மாதம்."

எல்லோரும் மாதத்தை எண்ணி வைத்திருந்தார்கள்.

அச்சகம் யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின் ஒழுங்கையில் இருந்தது. கணினியில் பக்கம் பூட்டுகிறவன் கடற்கரைக் குருநகர் ஜெனிஸ்ரன். கிழமைக்கு ஏழெட்டுக் கல்வெட்டுச் செய்கிறவன். சாகாத ஆட்களின் விஷயத்தில் அவனுக்குப் பழக்கம் குறைவு. கட்டடத்தின் படத்தைக் குத்துவிளக்குகளுக்கு நடுவில் வைத்து, கீழே 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்' என்று விட்டிருந்தான்.

"தம்பி, இதை எடுக்க வேணும்."

"ஐயோ, பழைய பக்கத்துக்கு மேலை செய்தனான் ரீச்சர். மறந்துபோனன்." பிறகு படத்தைத் தலை சரித்துப் பார்த்தான். "எடுக்கத்தான் வேணுமோ? பொருத்தமாத்தானே கிடக்கு."

எடுத்தான். அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து வந்தாள். ஆசிச்செய்திகளில் நாற்பத்தொரு சந்திப்பிழை திருத்தினாள். பதினான்காம் பக்கத்தில் தடித்த பந்தி வந்தது.

"இதிலை ஒரு எழுத்து. ந் இல்லை, த்."

ஜெனிஸ்ரன் வாசித்தான். அவனுக்கு இலக்கணம் வராது, ஆனால் விளங்கியது. "குழுத் தலைவர் கையெழுத்து வைச்ச படியிலை ந் எண்டுதான் இருக்கு ரீச்சர்."

"மலராசிரியர் நான்தானே."

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "எங்கடை பக்கமும் ஒரு வள்ளம் எரிஞ்சது. என்ரை அப்பான்ரை மாமான்ரை. தானாத்தான் எரிஞ்சது எண்டு கோயில் சபையிலை முடிவெடுத்தவை." எழுத்தை அழித்தான். "கடலுக்கை நிண்டபடி எரிஞ்சது."

த் என்று அடித்தான். தர்சிகா போக எழும்பினாள். அவள் காலில் செருப்பைத் தேடினாள்; அது காலில்தான் இருந்தது.

மலர் வெளியீட்டு விழா நன்றாக நடந்தது. மங்கள விளக்கு நாற்பது நிமிடம் ஏற்றப்பட்டது. முதற்பிரதி, சிறப்புப்பிரதி, கௌரவப்பிரதி என்று கொடுத்து முடிய மத்தியானமாயிற்று. வாங்கியவர்கள் எல்லோரும் உடனே விரித்து, தங்கள் படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். படம் வராதவர்கள் மூடிவைத்தார்கள். பதினான்காம் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

முதல் நாள் தர்சிகா பயந்துகொண்டிருந்தாள். இரண்டாம் நாளும் பயந்தாள். மூன்றாம் நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லாதபோது, பயத்தைவிட மோசமான ஒன்று வந்து நெஞ்சுக்குள் குந்தியது. அறுநூறு பிரதி. தடித்த எழுத்து. ஒருவரும் வாசிக்கவில்லை.

வாசித்தவர் கனடாவில் இருந்தார். அங்கே வருடத்தில் பாதி ஆட்கள் வீட்டுக்குள்தான்; அனுப்புகிற எல்லாவற்றையும் வாசிப்பார்கள். நான்காம் நாள் அவரிடமிருந்து பதினொரு நிமிடக் குரல்பதிவு வந்தது. ஆழ்வாப்பிள்ளை அதை அதிபரின் அறையில் கைபேசியை மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினார். தர்சிகா நின்றபடி கேட்டாள். முதல் மூன்று நிமிடம் வைகாசியாகியும் விடாத குளிரைப் பற்றி. பிறகு குரல் உயர்ந்தது: "என்ரை அப்பப்பா கொள்ளி வைச்சவரெண்டோ சொல்லுறியள்? அந்தப் பந்தம் எங்கடை வீட்டிலையிருந்து போனதெண்டு ஆர் கண்டது?"



"அவரின்ரை அப்பப்பா எண்டு நாங்கள் எழுதேல்லையே," என்றாள் தர்சிகா. "பந்தம் எண்டும் எழுதேல்லை."

வாகீசன் யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். ஆழ்வாப்பிள்ளை கைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். குரல்பதிவை இரண்டாம் தரம் போடவில்லை.

தீர்வு அவரிடம் தயாராக இருந்தது. பிழைதிருத்தத் துண்டு ஒன்று அச்சடித்து, வீடு வீடாகப் போய், அறுநூறு பிரதியிலும் பதினான்காம் பக்கத்தில் ஒட்டுவது. வாசகத்தையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: '"எரித்தது" என்பதை "எரிந்தது" எனத் திருத்தி வாசிக்கவும். எனது கவனக்குறைவால் நேர்ந்த எழுத்துப்பிழைக்கு வருந்துகிறேன்.' அடியில் தர்சிகாவின் பெயர், பட்டம், பதவி. அதற்குமேல் கையெழுத்துக்கு இடம்.

"பண்டிதர் விட்ட பிழையைத்தானே நானும் விட்டிருக்கிறன் சேர். பதக்கம் தரமாட்டியளோ?"

"பகிடி விடாதையும் பிள்ளை." ஆழ்வாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. கோவைகளுக்குக் கோபம் வருவதில்லை. "நீர் வைச்சால் அது எழுத்துப்பிழை. வைக்காட்டில் அது வேறை. யோசிச்சுச் சொல்லும்."

யோசிக்க என்ன இருக்கிறது. கையெழுத்து வைத்தால், நகரத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத தமிழ் ரீச்சர் என்று ஊர் முழுக்கத் துண்டு ஒட்டியிருக்கும்; அறுநூறு வீட்டில் அவளே தன் கையால் அந்த ஓர் எழுத்தைத் திருப்பி எடுத்ததாக இருக்கும். வைக்காவிட்டால் என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் முக்கியம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் படித்ததே அந்த இலக்கணம்.

"வைச்சுக் குடு," என்றார் அருமைநாயகி அன்றிரவு சோறு போடும்போது. "உன்ரை தமிழ் உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாட்டில் என்ன?"

அவள் வைக்கவும் இல்லை, இல்லையென்று சொல்லவும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் ஆழ்வாப்பிள்ளையே வந்தார்.

கோயிலுக்குத் தெற்கே அவர் வருவது அபூர்வம். செத்த வீடென்றால் வருவார். படலையில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவார். இன்றைக்கு ஸ்கூட்டியை விட்டிறங்கி முற்றத்துக்கு வந்தார். தர்சிகா பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வைத்தாள். மிஷினில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, "பேத்தின்ரை சட்டை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"நாளைக்கு முடிஞ்சிடும் ஐயா," என்றார் அருமைநாயகி.

இப்படியான ஆட்கள் வந்தால் அந்தப் பக்கத்து வீடுகளில் சோடா உடைத்துக் கொடுப்பது வழக்கம். போத்தல் கடையிலேயே மூடி வருகிறது. ஒருவரின் கையும் படாதது. வந்தவருக்கும் சங்கடமில்லை, கொடுப்பவருக்கும் சங்கடமில்லை. யாரும் சொல்லித் தந்த வழக்கமில்லை. அருமைநாயகி வீட்டில் எப்போதும் இரண்டு போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி உள்ளே போனார். தர்சிகா போத்தல் சத்தத்தை எதிர்பார்த்தாள். அடுப்பில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது.

ஆழ்வாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து, ஸ்ரூலில் வைத்து, அதற்குமேல் பேனையையும் வைத்தார். தேத்தண்ணி வந்தது. நல்ல கோப்பை, தட்டோடு. அதையும் அதே ஸ்ரூலில் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அருமைநாயகி படியில் இருந்தார்.

"மகளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும் அருமைநாயகி. ஒரு கையெழுத்து. அதோடை எல்லாம் முடிஞ்சுது. பேந்து ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கமாட்டினம்."

"நானும் அதைத்தான் சொன்னனான் ஐயா."

"பாத்தீரே! பெரியாக்களுக்கு விளங்கும்." அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "உம்மடை அப்பு சின்னவனை எனக்கு நல்லாத் தெரியும். எங்கடை தோட்டத்திலைதானே நிண்டவன். நல்லவன். ஒரு நாளும் உந்தப் பழங்கதை ஒண்டும் வாயிலை எடுத்ததில்லை."

ஆழ்வாப்பிள்ளையைவிடச் சின்னவன் முப்பது வயது மூத்தவர். மூத்தவருக்குப் போடத் தமிழில் ஒரு விகுதி உண்டு. அது அல்ல ஆழ்வாப்பிள்ளை போட்டது. தர்சிகா தாயைப் பார்த்தாள். அருமைநாயகியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மடியில் கிடந்த நூல் துணிக்கைகளைப் பொறுக்கி ஒன்றாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி ஆறுது ஐயா."

"எனக்குச் சீனி வருத்தமெல்லே."

"சீனி போடேல்லை."

"இந்த நேரத்திலை வெறுந் தேத்தண்ணி வயித்துக்கு ஒத்துவராது."

"பால் விட்டிருக்கு."

ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை மூன்று பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா," என்றார் அருமைநாயகி. "உதிலை ஒரு மிடறு குடியுங்கோ. ஒரு மிடறு காணும். குடிச்சியளெண்டால் அவள் கையெழுத்து வைப்பாள்."

"அம்மா!"

"நீ சும்மா இரு. நான் வைப்பிக்கிறன் ஐயா. சத்தியமாய்."

 ஒரு மிடறில் எல்லாம் போகப்போகிறது. தொண்ணூற்று மூன்று வருடம், பண்டிதரின் எழுத்து, ஜெனிஸ்ரன் அடித்த எழுத்து, எல்லாம். குடித்துவிடுவார் என்றுதான் தர்சிகா நினைத்தாள். கஷ்டமான காரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்கலாம். வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை, ஒழுங்கையில் ஆளில்லை. குடித்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்; அதே நேரம் குடித்தால் என்ன என்றும் ஓர் எண்ணம் வந்தது. அப்படி ஒரு மிடறை இந்த முற்றத்தில் ஒருவரும் கண்டதில்லை.

ஆழ்வாப்பிள்ளையின் கை நீண்டது. தட்டைத் தொட்டது. கோப்பையின் பிடியைத் தன் பக்கம் திருப்பியது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. நெற்றியில் சந்தனம் வியர்த்து இறங்கியது. பிறகு கை பக்கத்துக்கு நகர்ந்து துண்டை எடுத்தது. நாலாக மடித்தது. சட்டைப்பையில் வைத்தது. பேனையையும் எடுத்தது.

"நேரமாச்சு," என்றார். எழும்பினார். படலையடியில் ஸ்கூட்டியைத் திருப்பும்போது குரல் வழமைக்கு வந்துவிட்டது. "துண்டை நாங்கள் பேரில்லாமலே அடிச்சு ஒட்டுவம் பிள்ளை. 'தவறுதலாக அச்சிடப்பட்டுவிட்டது' எண்டு போட்டால் காணும். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்திலை தமிழ் படிப்பிக்க ஆள் இல்லையாம். நேற்றுத்தான் கேள்விப்பட்டனான்."

ஸ்கூட்டியின் சத்தம் கோயிலடி திரும்பும் வரை கேட்டது.

அருமைநாயகி கோப்பையை எடுத்தார். மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் அதை விலக்கிவிட்டு மகளிடம் நீட்டினார். தர்சிகா பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஆறிப்போயிருந்தது, சீனியும் இல்லை. மற்றப் பாதியைத் தாய் குடித்தார்.

"நெடுந்தீவுக்கு வள்ளம் எத்தினை மணிக்கு?"

"தெரியேல்லையம்மா. காலமை எண்டு நினைக்கிறன். குறிகட்டுவானுக்குப் போய் ஏறவேணும்."

"போட்டு அண்டைக்கே வரலாமோ?"

"ஏலாது. அங்கைதான் நிக்கவேணும். வெள்ளிக்கிழமையிலை வரலாம்."

அருமைநாயகி கோப்பையைத் தட்டில் கவிழ்த்தார். முழங்காலை இரண்டு கையாலும் தேய்த்தார்.

"கடல் அடிச்சால்?"

"வரேலாது," என்றாள் தர்சிகா.